தளர்ந்தது மனவலிமையா?

காலெலும்பு முறிந்தவரிடம், ‘மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நட’ என்று எவரும் கூறுவதில்லை. மனச்சோர்வு நோயால் படுக்கையை விட்டு எழ இயலாதவரிடமோ அதனைத் தயங்காமல் கூறுகிறோம். முறிந்த எலும்பு ஊடுகதிர்ப் படத்தில் தெரிகிறது. மனச்சோர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை நோயென ஏற்க மறுத்து, மனவலிமைக் குறைவு என்று அதற்குப் பெயரிட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும். அதற்கான சான்றுகளை வழங்குவோருள் ஒருவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்.

துயரின் வலைப்பின்னல்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தனித்து இயங்குவதில்லை. நரம்பிழைகள் கற்றைகளாக நீண்டு, மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியுடன் இணைக்கின்றன. செர்மானிய அறிஞர் பிராட்மன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளை வரைபடத்தில் 25 என எண்ணிட்ட பகுதி, மூளையின் முன்புறத்தே நடுக்கோட்டை ஒட்டி ஆழத்தில் அமைந்துள்ளது. நலமாக இருப்போர் தம் வாழ்வின் துயர நிகழ்வை நினைவுகூர்ந்தபோது, அப்பகுதியில் குருதியோட்டம் மிகுந்தது. கவனத்திற்குத் துணைபுரியும் மூளைப் புறணிப் பகுதியில் குறைந்தது. மனச்சோர்விலிருந்து மீண்டோரிடம் இம்மாற்றங்கள் நேர்மாறாக நிகழ்ந்தன. மேபெர்க் குழுவினர் இதனை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துயரம் ஓரிடத்தில் குடியிருப்பதன்று. பல பகுதிகளின் கூட்டியக்கத்தில் நிகழ்வது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

தோல்வி காட்டிய வழி

மருந்துகளாலும் பிற மருத்துவ முறைகளாலும் தணியாத கடும் மனச்சோர்வு கொண்ட 6 பேருக்கு, கனடாவின் டொராண்டோ நகரில் அப்பகுதியை ஒட்டி மெல்லிய மின்முனைகள் பொருத்தப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுள் 4 பேர் குறிப்பிடத்தக்க நலம் பெற்றிருந்தனர். இம்முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆயினும், பின்னர் 90 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மின்தூண்டல் பெற்றோருக்கும், கருவி பொருத்தப்பட்டும் தூண்டல் பெறாதோருக்கும் இடையே ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அம்முடிவும் 2017ஆம் ஆண்டில் மறைக்காமல் வெளியிடப்பட்டது.

மேபெர்க் குழுவினர் தளரவில்லை. நலமடைந்தோரின் மூளையில் மின்முனை தொட்ட இடத்திலிருந்து எந்த இழைகள் எங்குச் சென்றன என்று ஆராய்ந்தனர். நரம்பிழைகளின் வழியே நீர் மூலக்கூறுகள் நகரும் திசையைக் கொண்டு இழைகளின் பாதையை வரையும் படமுறை அதற்கு உதவியது. நான்கு இழைக்கற்றைகள் கூடும் சந்திப்பே உரிய இடம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒவ்வொருவருக்கும் அச்சந்திப்பைத் தனித்தனியே கண்டறிந்து மின்முனை பொருத்தினர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, அவ்வாறு மருத்துவம் பெற்ற 11 பேருள் 9 பேர் ஓராண்டில் நலம் பெற்றனர். இஃது ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு, இறுதித் தீர்ப்பன்று. எனினும், தோல்வியை மறைக்காத அறிவியலே முன்னேறும் என்பதற்கு இது நற்சான்று.

சொல்லும் மருந்தே

‘மனச்சோர்வு மூளையில் நிகழ்வதென்றால், ஆறுதல் மொழியால் என்ன பயன்?’ என்று சிலர் வினவலாம். அவ்வினாவிற்கும் மேபெர்க் பங்கேற்ற ஆய்வுகளிலேயே விடை உண்டு. எண்ணங்களைச் சீராக்கும் உரையாடல்வழி மருத்துவம் பெற்றோரின் மூளை இயக்கத்திலும் மாற்றம் தோன்றியதை 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உரிய பயிற்சி பெற்றவரின் சொல்லும் மூளையைச் சென்றடைகிறது. அறுவை மருத்துவம் மிகச் சிலருக்கே தேவைப்படுவது. பலர் உரையாடலாலும் மருந்தாலும் மீள்கின்றனர். நோய் மூளையில் நிகழ்கிறது என்பதால் வறுமை, இழப்பு, அவமதிப்பு ஆகியவற்றின் பங்கை நாம் மறந்துவிடவும் கூடாது. அவை தரும் காயமும் மூளையையே சென்றடைகிறது.

மாணவர்களே! உங்கள் நண்பர் இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்ந்து, உறக்கமிழந்து, விரும்பிய விளையாட்டையும் வெறுத்து ஒதுங்கினால், அவரைக் கோழை என்று எண்ணாதீர்கள். அருகில் அமர்ந்து அவர் கூறுவதைக் கேளுங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உங்களுக்கே அந்நிலை நேர்ந்தாலும் உதவி கேட்க நாணாதீர்கள். முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவதில் நாணம் இல்லை. சோர்ந்த மனத்திற்கு மருத்துவம் நாடுவதிலும் நாணம் வேண்டியதில்லை.