கட்டத்துக்கு வெளியே ஓர் ஊர்

மின்சாரக் காரில் வெளியூர் போகிறவருக்கு ஒரு கண் சாலையில், மறு கண் பேட்டரி முள்ளில். சென்ற குளிர்காலத்தில் தில்லி நண்பர் ஒருவரின் காரில் புந்தேல்கண்ட் பக்கம் போனோம். நெடுஞ்சாலை வரை கவலை இல்லை. அதைவிட்டு 40 கிலோமீட்டர் உள்ளே, கடைத்தெருவும் தாசில் கச்சேரியும் பஸ் நிலையமும் உள்ள ஒரு சிற்றூரில் நுழைந்தபோது பேட்டரியில் மிச்சம் 17 சதவீதம்.

ஊரில் ஒரு சார்ஜர் இருப்பதாகக் கைபேசி வரைபடம் சத்தியம் செய்தது. இருந்தது. பஸ் நிலையத்தின் மூலையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் நின்றது. "இன்னும் லைன் கொடுக்கவில்லை, பாபுஜி" என்றார் டீக்கடைக்காரர். எப்போது கொடுப்பார்கள்? அவர் வானத்தைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. அரசு அறிக்கையில் வரும் 'நிறுவப்பட்டது', 'இயங்குகிறது' என்ற இரு சொற்களையும் குழப்பிவிடாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்வதுண்டு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அன்றுதான் உறைத்தது.

பணத்துக்குக் குறைவில்லை. 2023 மார்ச்சில் 7,432 வேக சார்ஜர் நிலையங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒப்புதல் தரப்பட்டது. 2024 செப்டம்பரில் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜர்களுக்கென்றே 2,000 கோடி. சார்ஜ் ஏற்றுவது ஒரு சேவை, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018லேயே சொல்லிவிட்டது.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. 2022ல் வந்த விதிமுறை நகரத்தை 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு நிலையம் என்றது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. 2024ல் இந்த இடைவெளிகள் மேலும் குறைக்கப்பட்டன. நகரமாகவும் இல்லாமல், நெடுஞ்சாலையையும் தொடாமல் இருக்கும் ஊர் எந்தக் கணக்கில் வரும்? நாளைக்கு இரண்டு கார் வந்தாலே அதிகம் என்ற இடத்தில் லட்சக்கணக்கில் கொட்டி வேக சார்ஜர் வைப்பவர் போட்ட முதலை எடுப்பது எப்போது?

அன்றிரவு எங்களைக் கரைசேர்த்தவர்கள் இ-ரிக்‌ஷாக்காரர்கள். பழைய தானியக் கொட்டகை ஒன்றில் இருபது வண்டிகள் வரிசையாக நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. வண்டிக்கு இவ்வளவு என்று இரவு வாடகை. சுவரெங்கும் 15 ஆம்பியர் பிளக்குகள், தொங்கும் ஒயர்கள். எங்கள் கார் முதல் மூன்று பிளக்குகளை மறுத்துவிட்டது. எர்த் சரியில்லை என்றால் அதன் சார்ஜர் மின்சாரத்தை உள்ளே விடாது. நான்காவதில் பச்சை விளக்கு எரிந்தது. மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட். இரவு பத்து மணிக்குச் செருகியது, காலை ஆறுக்கு 90 சதவீதத்தைத் தொட்டது.

காரைக் காக்க அந்த ஏற்பாடு இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று விடியற்காலையில் ஒயரைப் பிடுங்கும் ரிக்‌ஷாக்காரரைக் காக்க அங்கே எதுவும் இல்லை. "ஷாக் அடிக்காதா?" என்று கேட்டேன். "அடிக்கும், பழகிவிட்டது" என்று சிரித்தார் ஒருவர்.

அந்த ஊரின் பொது சார்ஜிங் நிலையம் அந்தக் கொட்டகைதான். எந்தக் கணக்கிலும் அது இல்லை. அதற்கு வேண்டியது ஒழுங்கான எர்த், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, தனி மீட்டர், எழுதிப்போட்ட கட்டணம். வேக சார்ஜருக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். கேரள மின் வாரியம் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்காக மின்கம்பங்களிலேயே சிறிய சார்ஜர்களைப் பொருத்தியிருக்கிறது. சிற்றூருக்கு ஏற்ற யோசனை அது. கட்டம் போடுகிறவர்கள் முதலில் ஊரில் எங்கே ஏற்கெனவே சார்ஜ் ஏறுகிறது என்று விசாரித்துவிட்டுப் போடலாம்.

காலையில் பஸ் நிலையம் வழியாகத்தான் திரும்பினோம். சார்ஜர் அப்படியே நின்றது. அதன் மேல் யாரோ துண்டு உலர்த்தியிருந்தார்கள்.