பாலிஷ் மிஷின் விற்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஹார்டுவேர், பெயிண்ட், மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் நம் கடைக்காரர்கள் பலர் இப்போது கார் பாலிஷ் மிஷின்களையும் வாங்கி அடுக்கி வருகிறார்கள். நல்லதுதான். வாட்டர் வாஷ் மட்டும் செய்து வந்தவர்கள்கூடப் பாலிஷ், கோட்டிங் என்று தொழிலை விரிவுபடுத்துகிறார்கள். கடன் வாங்கிப் புதிதாகக் கடை போடும் இளைஞர்களும் நிறைய. ஆனால் இந்தச் சரக்கை நாம் விற்கும் முறை சரியில்லை என்பதை உறுப்பினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

வாடிக்கையாளர் வந்து, "பாலிஷ் மிஷின் இருக்கா?" என்கிறார். நம் கடைப் பையன், "என்ன விலையில வேணும்?" என்கிறான். விலையில் தொடங்கும் பேச்சு விலையிலேயே முடிகிறது. மலிவாக வேண்டும் என்பவருக்கு நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரையும், அதில் மாட்ட ஒரு கம்பளிப் பேடையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து விடுகிறோம். இந்த விற்பனையை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்கிறோம். அம்பாசடர், பியட் காலத்து வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் இருந்தன. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர் முதல் மேல் பூச்சு வரை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சிலிருந்து ஒரு சில மைக்ரானைச் சீவி எடுத்துக் கோடுகளை மறைப்பதுதான் பாலிஷ் வேலை. வெயிலைத் தடுக்கும் சக்தியும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதை அதிகமாகத் தேய்த்துவிட்டால் இன்று பளபளக்கும் வண்டி சில ஆண்டுகளில் வெளுத்து உரியத் தொடங்கும்.

சாதாரண நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். அது இரும்பு அறுக்கவும் வெல்டிங்கைத் தேய்க்கவும் செய்யப்பட்டது. காருக்கான ரோட்டரி பாலிஷர் 600 முதல் 3,000 சுற்று வரை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வருகிறது. பேடின் பின்புறத்தில் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஓட்டினால் பெயிண்ட் கருகும், பேடும் பிய்ந்து பறக்கும். பேடை மாட்டுவதற்காகக் கிரைண்டரின் கார்டையும் கழற்றி விடுவதால் வேலை செய்பவரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. ஒரு பானெட்டை மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுக்க நேர்ந்தால் மிஷினில் மிச்சம் பிடித்த பணம் என்ன ஆகும்? கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர் முதல் மாதத்திலேயே தலைகுனிந்து நிற்பார். அடுத்த மாதம் நம் கடைக்கு வர மாட்டார்.

ஆகவே விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கும்படி ஒவ்வொரு கடைக்காரரையும் வேண்டுகிறோம்.

முதல் கேள்வி: மிஷினைப் பிடிக்கப் போவது யார்? ரோட்டரி ஒரே இடத்தில் நின்று சுற்றும். வேகமாக வெட்டும், சூடும் வேகமாக ஏறும். பெயிண்டிங் ஷாப்பில் பல ஆண்டு வேலை பார்த்த கைக்கு அது ஏற்றது. பழகாத கையில் ஓரங்களிலும் பாடி லைன்களிலும் பெயிண்டைத் தின்றுவிடும். நிழலில் நன்றாகத் தெரிந்த வண்டி வெயிலுக்கு வந்ததும் பட்டை பட்டையாகச் சுழல் தடம் காட்டும். கறுப்பு வண்டியில் சொல்லவே வேண்டாம். புதியவருக்கு டூயல் ஆக்‌ஷன், அதாவது டி.ஏ. மிஷினே தகும். அதில் பேட் சுற்றிக்கொண்டே ஊசலாடும். தேவைக்கு மேல் அழுத்தினால் சுற்று நின்றுவிடுவதால் பெயிண்ட் கருகும் வாய்ப்பு குறைவு. டி.ஏ.யிலேயே கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றும் வகையும் உண்டு. அது நிற்காது, பழகியவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: என்ன வேலைக்கு? டி.ஏ. மிஷின்களில் ஊசலாட்ட அளவு 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வருகிறது. பானெட், கூரை போன்ற அகலமான இடங்களுக்குப் பெரிய அளவு வேலையைச் சீக்கிரம் முடிக்கும். பம்பர், பில்லர், கண்ணாடி மூடி போன்ற வளைவுகளுக்குச் சிறிய மிஷினும் மூன்று அங்குலப் பேடும் வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தங்கும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். நகம் மாட்டுகிற ஆழமான கீறலை எந்த மிஷினாலும் பத்திரமாக எடுக்க முடியாது. அதற்கு டச்-அப் பெயிண்ட்தான் வழி. இதை முன்கூட்டியே சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

மூன்றாவது கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? சொந்தக் காருக்கு மாதம் ஒருமுறை எடுப்பவருக்கும், தினமும் வண்டி முடிப்பவருக்கும் ஒரே மிஷின் பொருந்தாது. தினமும் ஓட்டுபவருக்கு மெதுவாக வேகம் எடுக்கும் வசதி, பாரம் ஏறினாலும் சுற்று குறையாத வசதி இரண்டும் வேண்டும். கார்பன், பேக்கிங் பேட், சுவிட்ச் உள்ளூரில் கிடைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் மிஷினை நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் அதோடு சரி என்பதையும் எச்சரிக்கலாம்.

"நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்று சிலர் சொல்வார்கள். அதனால்தான் சங்கத்தின் இதழில் எழுதுகிறோம். ஒருவர் நிறுத்திப் பயனில்லை, எல்லோரும் நிறுத்த வேண்டும். மேலும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பவர் பொறுப்பும் சேர்க்கப்பட்டுள்ளது. பொருளை மாற்றியமைத்து விற்றாலும், தாமாக உறுதி கொடுத்தாலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கைகளைச் சேர்த்துக் கொடுக்காவிட்டாலும், அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பதில் சொல்ல நேரிடலாம். கிரைண்டரில் கம்பளியை மாட்டி, "இது பாலிஷுக்கு நல்லா ஓடும்" என்று சொல்லும் கடைக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

ஆன்லைனில் நம்மைவிட மலிவாக விற்கிறார்கள் என்ற புலம்பல் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறது. விலையில் அவர்களோடு போட்டி போடுவது கடினம். ஆனால் அங்கே வாங்குபவரிடம் "யாருக்கு, எதற்கு" என்று கேட்பவர் எவரும் இல்லை. அந்தக் கேள்வியே நம் கடையின் முதல். அதையும் கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டினால் நமக்கும் கூரியர்காரருக்கும் வித்தியாசம் இல்லை.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் கடமை உண்டு. கார்பனும் பேடும் இருப்பு வைக்காமல் மிஷினை மட்டும் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது. பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட் வாங்கிக் கடை வாசலில் வைத்து, வாடிக்கையாளர் கையாலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டரிக்கும் டி.ஏ.க்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தில் அவருக்கே புரியும். கூடுதல் விலையை நாம் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.