மாவட்டம் வரும், மாவட்டம் போகும், மா.செ. இருப்பார்!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002 மார்ச் 31 அன்று, 'மாவட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்' என்று பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டம். கொடுத்தது தி.மு.க. ஆட்சி. பிடுங்கியது அ.தி.மு.க. ஆட்சி. திரும்பக் கொடுத்தது தி.மு.க. ஆட்சி.

பதினைந்து மாதம் கையில் இருந்த பொம்மையைப் பிடுங்கி, ஐந்தரை வருஷத்துக்கு மேல் பரண்மேல் போட்டுவிட்டுத் திருப்பித் தந்தால் குழந்தைகூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். ஜெயங்கொண்டத்துக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க அரியலூரையும் தாண்டிப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார்.

இந்த மூன்று உத்தரவுமே சென்னையில் போட்டவை. அதில் ஆச்சரியமில்லை, கோட்டை அங்கேதானே இருக்கிறது. என் சந்தேகம் வேறு. அந்த ஐந்தரை வருஷமும் இந்தப் பகுதியில் எல்லாக் கட்சிக்கும் கிளை இருந்தது, ஒன்றியம் இருந்தது, நகரம் இருந்தது, அவற்றுக்கெல்லாம் அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், பிரதிநிதி என்று ஒரு படையே இருந்தது. அந்தப் படையில் இருந்தவர்களும் அதே பஸ்ஸில்தான் பெரம்பலூர் போய் வந்திருப்பார்கள். பிறகு எதற்கு இந்தக் கமிட்டிகள்?

சில வருஷங்களுக்கு முன்பு அரியலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒரு கிளைச் செயலாளரிடம் இதைக் கேட்டேவிட்டேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அவர் சொன்ன பதில் எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

"ஊருக்கு ஒரு பிரச்னைன்னா நீங்க தீர்மானம் போட்டு மேல அனுப்பலாமேண்ணே?"

"தீர்மானம் மேலேருந்துதான் சார் வரும். நாங்க கைதட்டி நிறைவேத்தி, போட்டோ எடுத்து அனுப்பிடுவோம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தன் வேலை இன்னதென்று விளக்கினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் சும்மா இருப்பவர் அல்ல. யாருக்காவது நெஞ்சுவலி என்றால் நள்ளிரவில் வண்டி பிடிப்பவர் அவர்தான். முதியோர் உதவித்தொகைக்குப் பாட்டியை தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போவார். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார், பஞ்சாயத்து பேசுவார். சம்பளம் கிடையாது. தலைவர் வந்தால் சொந்தக் காசில் கொடி கட்டி, வேனில் ஆள் ஏற்றி, அந்த வேன் வாடகை பாக்கிக்காக ஆறு மாதம் ஒளிந்து திரிவார். வெங்காயம் விற்ற பணம் ஃப்ளெக்ஸ் போர்டாக மாறிய குடும்பங்கள் பெரம்பலூர்ப் பக்கம் உண்டு. எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால், அவர் செய்கிற நல்ல வேலையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பாட்டிக்கு உதவித்தொகை உரிமை. கட்சிக்காரர் கூட வந்ததும் அது உபகாரம் ஆகிவிடுகிறது. உபகாரத்துக்குப் பதில் உபகாரம் தேர்தல் அன்று கேட்கப்படும்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு வணிகச் சட்டத்தில் 'ஏஜென்சி' என்று ஒரு பாடம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். ஏஜென்ட் என்பவன் இன்னொருவருக்காக வேலை பார்ப்பவன். யாருக்காகப் பார்க்கிறானோ அவர் கேட்டால் ஒழுங்காகக் கணக்குக் காட்ட வேண்டும். அதுதான் 213-வது பிரிவு. ஏனோ அந்த நம்பர் மட்டும் மறக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், உங்கள் தெருவில் இருக்கும் வட்டச் செயலாளர் யாருடைய ஏஜென்ட்? நீங்கள் அவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறீர்களா? மா.செ. கேட்பார். எத்தனை பூத், எத்தனை பேர், எவ்வளவு ஓட்டு என்று பைசா சுத்தமாகக் கேட்பார். அப்படியானால் முதலாளி யாரென்று தெரிகிறதல்லவா?

பணக் கணக்கு இன்னும் வேடிக்கை. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கினால் கட்சி தேர்தல் கமிஷனிடம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் தணிக்கை அறிக்கை கொடுக்க வேண்டும். வருமான வரியில் விலக்கு உண்டு. எல்லாம் தலைமைக் கழகத்தின் மட்டத்தில். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கட்டவுட் வைத்த செலவு யாருடையது, கொடுத்தவர் கான்ட்ராக்டரா, குவாரிக்காரரா என்று கீழே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். பெட்டிக்கடைக்காரர்கூட சிட்டை வைத்திருக்கிறார்.

எப்போதுமே இப்படித்தானா? இல்லை. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது மற்றொன்று. அந்த வருஷம் மே மாதம்தான் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பது என்று தி.மு.க. முடிவு செய்திருந்தது. ரயில்வே துணை மந்திரி ஓ.வி.அழகேசனைக் குறிவைத்து எதுகை மோனையோடு ஒரு கோஷத்தைக் கட்டி, அரியலூரின் பெயரை மேடை மேடையாகக் கொண்டுபோனார்கள். அது அரசியல்தான், ஓட்டுக்காகத்தான். ஆனாலும் ஒரு சின்ன ஊரின் துக்கம் கீழேயிருந்து மேலே ஏறியது. படிப்பகத்தில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்த கிளைக்காரனுக்கு அதில் பங்கு உண்டு. இப்போது அந்தக் கிளைக்காரனின் வாரிசு, மேலேயிருந்து வாட்ஸ்அப்பில் இறங்கும் பிறந்தநாள் போஸ்டரை ஃபார்வர்ட் செய்கிறார்.

உள்ளாட்சிக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டைக் காட்டி தி.மு.க. கோர்ட்டுக்குப் போக, தேர்தல் அறிவிப்பையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அ.தி.மு.க. அரசுக்கு அது வசதியாகப் போயிற்று. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்ஜியம். 'தேர்தலை நடத்து' என்று முழங்கிய தி.மு.க., 2019-லும் 2020-லும் தானே கிராம சபை கூட்டியது. ஜமுக்காளம் விரித்து மக்களிடம் குறை கேட்டது. 2019 டிசம்பரில் பெரம்பலூர், அரியலூர் உட்பட 27 மாவட்டங்களில் ஒருவழியாக தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5 அன்று அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. ஐந்து வருஷம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தி.மு.க. ஆட்சி நடத்தியதா? மறுபடியும் தனி அலுவலர்கள்தான். ஜமுக்காளத்தை யார் சுருட்டிக்கொண்டு போனார்களோ!

இதில் உள்ளூர்க் கமிட்டிகள் ஏன் கூச்சல் போடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. சுயேச்சை ஒருவர் ஜெயித்துவிட்டால் ஊரார் தெருவிளக்குக்கும் குழாய்க்கும் அவரிடம் போவார்கள். தலைவரே இல்லையென்றால்? அதிகாரியைத் தெரிந்த ஆள் வேண்டும். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வாசலில் கூட்டம் சேரும். தேர்தல் இல்லாத ஊர், கட்சிக் கமிட்டிக்கு நல்ல சீசன்.

கடைசியாக சுண்ணாம்புக்கல். அரியலூர் மண்ணுக்குக் கீழே இருப்பது அதுதான். அரசு ஆலை 1979-ல் வந்தது. தனியார் ஆலைகள் சுற்றிலும் இருக்கின்றன. லாரிகள் பறக்கின்றன, புழுதி பறக்கிறது, விபத்து நடந்தால் சாலை மறியல். மறியலில் எல்லாக் கட்சிக் கொடியும் உண்டு. போட்டோவும் உண்டு. ஆனால், 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு சேர்த்து, அந்த வருஷத்துக்கு முந்தைய பழைய குத்தகை என்றால் அதில் 30 சதவிகிதமும், ஏலத்தில் எடுத்த புதுக் குத்தகை என்றால் 10 சதவிகிதமும் தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு என்றே வைத்தது. குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று செலவழிக்க வேண்டும்.

டீக்கடை அண்ணனிடம் அதையும் கேட்டேன். "உங்க ஊருக்கு அதுல எவ்வளவு வந்துச்சு?"

அப்படி ஒரு நிதி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கிளைச் செயலாளர். லாரி போகிற சாலையில்தான் வீடு. கட்சி நடத்திய எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. பூத் ஏஜென்ட் ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று மட்டும் மூன்று முறை சொல்லித் தந்திருக்கிறார்கள்.

தேர்தலுக்கு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க ஒருவர் வருவார். தண்ணீர் கொடுங்கள், வெயிலில் வந்திருப்பார். பிறகு கேளுங்கள்: "அண்ணே, போன வருஷம் நம்ம ஏரியாவுலேருந்து உங்க தலைமைக்கு என்னென்ன எழுதி அனுப்பினீங்க? நகல் இருந்தா ஒண்ணு காட்டுங்க." மா.செ.வே நேரில் வந்தால் அவரிடமும் கேளுங்கள். மாவட்டத்தையே கேட்காமல் பிடுங்கியபோது எங்கே இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.