டிஷ் வயருக்கும் எர்த் வேணும்!

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் ஹந்தானைப் பக்கம் இடி முழங்கினால் பேராதனையில் வீட்டுக்கு வீடு டிவி ப்ளக்கைக் கழற்றுகிறார்கள். கூரையிலிருந்து வரும் டிஷ் வயர் அப்படியே கிடக்கிறது. இது என்ன பாதுகாப்பு என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

அந்த வயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை ஒன்று இருக்கிறது. வெளி இரைச்சலைத் தடுப்பது அதுதான். எர்த் இல்லாவிட்டால், பக்கத்தில் விழும் மின்னலின் அழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதும் அதுதான். "எர்த் போட்டா மின்னல் தேடி வரும்" என்று தட்டிக்கழிக்கும் பாஸ்மாருக்கு நாம் ஏன் தலையாட்ட வேண்டும்? உயர நிற்கும் இரும்புக் குழாய்க்கு எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்னலுக்கு ஒன்றுதான்.

இன்னொரு கூத்து, முற்றத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்துவிட்டுப் போவது. வீட்டு மெயின் எர்த்தோடு அதைச் சேர்க்காவிட்டால் மின்னல் நேரம் இரண்டு எர்த்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அது டிவிக்குள்ளால் பாயும்.

சிசிடிவி படத்தில் கோடு ஓடுகிறதென்று ப்ளக்கின் எர்த் வயரை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். கோடு போகும், 230 வோல்ட்டில் ஆளும் போகலாம்! அதற்கென்று ஐசொலேட்டர் கடையில் இருக்கிறது.

நேரே விழும் மின்னலுக்கு எர்த் மட்டும் போதாது. இடி நெருங்க முன்னமே ப்ளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள். பாஸுக்குக் காசு கொடுக்க முன், வயர் உள்ளே நுழையும் இடத்தில் அந்த வலையை மெயின் எர்த்தோடு சேர்த்தாச்சா என்று கேளுங்கள்.