எண்ணிக்கையில் ஏறாத சிப்பிகள்

நியூசிலாந்தின் மீன்பிடி விதிகளில் ‘பொழுதுபோக்கு’ என்றொரு வகைப்பாடு உண்டு. விற்பனைக்கன்றி வீட்டுக்காகப் பிடிப்போர் அதில் அடங்குவர். விசிறி போன்ற ஓடுடைய ஸ்காலப் சிப்பியைப் பொறுத்தவரை இவர்களில் இருவகையினர் உள்ளனர். ஒருவர் முக்குளித்துக் கையால் ஒவ்வொன்றாக எடுக்கிறார். மற்றவர் ‘டிரெட்ஜ்’ என்னும் இரும்புச் சட்டகத்தைப் படகின் பின்னே கட்டிக் கடலடியில் இழுக்கிறார். அது மணலைக் கீறிக் கிளப்புவதையெல்லாம் பின்னாலுள்ள பை வாரிக்கொள்கிறது. நார்த்லாந்து, கோரமண்டல் கடற்பகுதிகளில் இருவருக்கும் ஒரே விதிதான் இருந்தது: நாளொன்றுக்கு 20 சிப்பிகள், குறைந்தது 100 மில்லிமீட்டர் அகலம்.

எண்ணிக்கை ஒன்றாயின் சேதமும் ஒன்றுதானே என்பது சிறுபடகு டிரெட்ஜுக்காகச் சொல்லப்படும் வாதம். இவ்வாதம் ‘பிடித்தல்’ என்ற வினையின் மீது நிற்கிறது. அவ்வினைக்குச் செயப்படுபொருள் படகுக்குள் வந்து சேர்ந்த இருபது மட்டுமே. சட்டகத்தின் அடியில் நொறுங்கியவை, ஓடு விரிசலுற்று மீண்டும் கடலில் எறியப்பட்ட சிறியவை எந்த வாக்கியத்திலும் இடம்பெறுவதில்லை. முக்குளிப்பவர் அளவைக் கடலடியிலேயே பார்த்து, சிறியதை அது கிடந்த குழியிலேயே விட்டுவிடலாம். டிரெட்ஜில் தேர்வு நிகழ்வது எல்லாவற்றையும் மேலே இழுத்த பிறகு. இவ்விரண்டையும் ஒரே எண்ணால் அளப்பது அறிவியலன்று, கணக்கெழுத்தரின் வசதி.

இதனினும் பெரிய இழப்பு சிப்பியே அல்லாதவற்றில் நேர்கிறது. ஸ்காலப் தன் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகிறது. சில வாரங்கள் மிதந்து திரியும் இளவுயிரி கீழிறங்கும்போது வெறுமணலில் எளிதில் நிலைகொள்வதில்லை. கடற்பாசி, கடற்புல், நார் போன்ற சிற்றுயிர்க் கொத்து இவற்றில் ஏதேனும் ஒன்றை மெல்லிய இழையால் பற்றிக்கொள்கிறது. டிரெட்ஜ் வழித்தெடுப்பது இந்தப் பற்றுக்கோட்டைத்தான். இந்த ஆண்டின் அறுவடையோடு அடுத்த தலைமுறையின் தொட்டிலும் பைக்குள் போகிறது. மான் தீவின் போர்ட் எரின் அருகே 1989இல் டிரெட்ஜுக்கு மூடப்பட்ட பரப்பில் சிப்பிகளின் அடர்த்தியும் பருமனும் ஏறியதை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்திருக்கின்றனர்.

வணிகப் படகுகளின் டிரெட்ஜ் இதைவிடப் பன்மடங்கு பெரிது என்பது உண்மையே. ஆனால் பெரியவன் செய்வதைக் காட்டிச் சிறியவன் தப்புவது வாதமாகாது. முக்குளிப்போரும் மாசற்றவரல்லர்: ஆழங்குறைந்த ஒரு படுகையைப் பலர் கூடி ஒரே பருவத்தில் வெறுமையாக்கிவிட முடியும். ஆகவே அவர்களுக்கும் உச்சவரம்பு வேண்டும். ஆயினும் அவர்கள் எட்டாத ஆழத்தில் எஞ்சுபவை இனம்பெருக்கும்; டிரெட்ஜுக்கு அந்த எல்லையும் இல்லை.

எஞ்சுவது நியாயம் குறித்த வாதம், அதுவே வலுவானது. முதியோர், நோயுற்றோர், பயிற்சிக்கும் கருவிக்கும் பணமில்லாதோர் முக்குளிக்க இயலாது. டிரெட்ஜைத் தடுத்தால் கடல் உடல்வலு உள்ளோரின் உடைமையாகும் என்கின்றனர். இதற்கு விடை அந்நாட்டு விதியிலேயே கிடந்தது. முக்குளிப்பவர் படகில் காவலிருக்கும் இருவர்வரை அவர்களுடைய பங்கையும் சேர்த்து எடுத்துவரலாம் என அது அனுமதித்தது. உண்ணும் உரிமை ஒருவருக்கும் எடுக்கும் வேலை இன்னொருவருக்குமாக இருக்கலாம் என்பதை ஏற்ற பின், முதியவரின் பெயரால் இரும்பை இழுப்பதற்கு என்ன தேவை? பாதுகாப்புக்கென வகுத்த அவ்விதியை இயலாதோருக்கும் விரிப்பதே நேர்வழி.

2020 டிசம்பரில் ஓபிட்டோ விரிகுடாவில் நாட்டி ஹெய் மவோரிகள் ‘ராஹுயி’ என்னும் மரபுத் தடையை விதித்தனர். அரசின் தடை அதன் பின்னரே வந்தது. 2022இல் நார்த்லாந்து, கோரமண்டல் படுகைகள் இருசாராருக்கும் மூடப்பட்டன. அவை என்றேனும் திறக்கப்படும்போது எத்தனை சிப்பி என்ற கேள்விக்கு முன்னர் எதைக்கொண்டு என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும். டாஸ்மேனியாவில் பொழுதுபோக்காகச் சிப்பி எடுப்போருக்கு டிரெட்ஜ் அனுமதி இல்லை. அங்கே நீரில் இறங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும்.