பூஞ்சை தன் வேலையைச் செய்யும், நாம்?



"பூஞ்சையாவது கீஞ்சையாவது! ஒண்ணும் வேலைக்கு ஆகல மாப்ள. காசுதான் தண்டம்!"

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் மாமா சொன்ன வார்த்தைகள் இவை. அவர் தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டுத் தொல்லை. அதன் புழு வளர்வது எருக்குழியில். புழுவைக் கொல்ல மெட்டாரைசியம் பூஞ்சைப் பாக்கெட் வாங்கிக் குழியில் கரைத்து ஊற்றியிருக்கிறார். புழு சாகவில்லை.

"பாக்கெட்டை எங்க மாமா வெச்சிருந்தீங்க?" என்றேன். பம்ப்செட் ரூமைக் காட்டினார். மேலே தகரக் கூரை, சித்திரை வெயில், ரெண்டு மாசம்!

குற்றம் யார் மேல்? பூஞ்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வோம்.

பூச்சியின் தோலைச் சிவில் நண்பர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். அது ஒரு ஆர்.சி.சி. சுவர்! கைட்டின் இழைகள்தான் கம்பி, புரதம்தான் கான்கிரீட். வெளியே தண்ணீர் புகாத மெழுகுப் பூச்சு. பூச்சியைக் கொல்லும் பாக்டீரியாவும் வைரஸும் பெரும்பாலும் தீனியோடு வயிற்றுக்குள் போய்த்தான் நோய் உண்டாக்கும். பூஞ்சையோ சுவரையே உடைத்து உள்ளே நுழைகிறது.

தோலில் ஒட்டிய வித்து முளைத்து, அழுத்தித் துளைக்கிறது. கூடவே நொதிகளைச் சுரக்கிறது. மெழுகையும் கொழுப்பையும் சிதைக்கச் சில, புரதத்தை அறுக்கச் சில. கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்த பிறகே கைட்டினேஸ் நொதிக்கு முழு வேலை. அது கைட்டினை வெட்ட வெட்ட ஒருவகைச் சர்க்கரைத் துண்டு கிடைக்கிறது. அது கொஞ்சமாக இருந்தால் கைட்டினேஸ் உற்பத்தி கூடுகிறது. நிறைய சேர்ந்துவிட்டால் குறைகிறது. நம் லேபில் படிக்கும் ஃபீட்பேக் கண்ட்ரோல்தான் இது!

பியூவேரியா என்ற இன்னொரு பூஞ்சையில் கைட்டினேஸ் ஜீனைக் கூடுதலாக இயங்க வைத்தபோது, அசுவினியைக் கொல்லும் திறன் கூடியதாக 2005-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல சேதிதான். ஆனால் கத்தியை எவ்வளவு தீட்டினாலும், பிடிக்கிற கை செத்துப் போனால் என்ன பயன்? வித்து என்பது உயிர். தகரக் கூரை அடியில் அது வெந்துபோகும்.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1980-களின் பிற்பகுதியில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. 1989-ல் லுபிலோசா என்ற கூட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், வறண்ட பூமியில் அது எப்படி எடுபடும்? வித்தைத் தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் கலந்தார்கள். நன்றாக உலர்த்திப் பாதுகாத்தார்கள். மிக நுண்ணிய துளிகளாகத் தெளித்தார்கள். அப்படி உருவான 'கிரீன் மஸில்' மருந்துக்கு ஹெக்டேருக்கு 50 கிராம் வித்து போதும்! 2020-ல் சோமாலியாவிலும் வெட்டுக்கிளிகள் மேல் இவ்வகைப் பூஞ்சை தெளிக்கப்பட்டது.

நொதி பூஞ்சையிடம் முன்பே இருந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது எது? உலர்த்தும் முறை, எண்ணெய், தெளிப்பான். இது யார் வேலை? நம்ம வேலை தோழர்களே!

குறை இல்லை என்று சொல்லவில்லை. வெட்டுக்கிளி சாகவே ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ராத்திரி அடிச்சா காலையில விழணும் என்று எதிர்பார்ப்பவருக்கு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பியூவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும். 1835-ல் இத்தாலியின் அகோஸ்டினோ பாஸ்ஸி கண்டறிந்ததே பட்டுப்புழுவுக்கு அது தரும் நோயைத்தான். 'மல்பெரித் தோட்டத்தின் அருகே தெளிக்காதீர்' என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

ஆண்டுதோறும் ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி, பெயின்ட் அடித்து, வைவா முடிந்ததும் மூலையில் போடுகிறோம். அந்தக் காசுக்கு வேறு செய்யலாமே! கெமிக்கல் நண்பர்கள் வித்தை உலர்த்தும் பெட்டி செய்யட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் அடைக்காத நாசில் செய்யட்டும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள், உரக்கடை அலமாரியில் சூடு ஏறினால் கத்துகிற ஓர் அலாரம் செய்யட்டும்.

மாமாவிடம் இன்னொரு பாக்கெட் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை தேதி பார்த்து வாங்கி, வாங்கிய அன்றைக்கே குழியில் ஊற்றப் போகிறோம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு