டயாலிசிஸ் இலவசம், ஆனால் வாழ்வு?

வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வின்றி உழைப்பவை நம் சிறுநீரகங்கள். அவை செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் இயந்திரம் அதே வேலையை வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரமாகச் செய்து தருகிறது. 168 மணி நேரப் பணி 12 மணி நேரத்திற்குள் அடங்க வேண்டும். எனவே, ஒரு முறை தவறினாலும் அது உயிரோடு விளையாடுவதாகும்.

கடலூர் மாவட்டத்து எளிய மக்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையையும், 2021இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக மாறிய சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனையையும் பெரிதும் நம்பியுள்ளனர். மத்திய அரசு 2016இல் அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும், மாநில அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைச் செலவின் சுமையைக் குறைத்துள்ளன. இது நன்றியோடு ஏற்க வேண்டிய மாற்றம். ஆனால், சிகிச்சை இலவசமானால் மட்டும் போதுமா?

காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் கூலி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாரம் மூன்று நாள் அவர் சிதம்பரம் வர வேண்டும். துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. பேருந்து, ஆட்டோ, உணவு எல்லாம் கைக்காசு. ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த கையால் பாரம் தூக்கவும் கூடாது. முடிவில், மூன்று முறை என்பது இரண்டாகச் சுருங்குகிறது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இந்நோயாளிகளிடையே இறப்பு அதிகம் என்று காட்டியது. அப்படியானால் நான்கு நாள் இடைவெளி என்ன செய்யும்? 2011 தானே புயல், 2015 பெருமழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என அடிக்கடி பேரிடரைச் சந்திக்கும் மாவட்டம் நம்முடையது. சாலை துண்டிக்கப்படும் நாள் இவர்களுக்கு ஆபத்தான நாள்.

உடல் மட்டுமல்ல, மனமும் இங்கே முக்கியம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் நாட்டு நோயாளிகளிடம் நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தம் வாழ்க்கைத் தரம் தாழ்ந்திருப்பதாகச் சொன்னவர்களே அதிகம் இறந்தது தெரியவந்தது. ஆம், ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதும் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதும் பிரிக்க முடியாதவை.

அன்பார்ந்த இறைமக்களே, இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. நம் அன்பியங்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், எந்தெந்த நாள் போகிறார் என்று அறிந்திருக்கிறோமா? முறை வைத்து ஒருவர் துணைக்குப் போகலாம். வாகனம் உள்ளவர் அழைத்துச் செல்லலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யலாம். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க உதவலாம். அதற்கான திரவப் பைகளை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டு தருகிறது. பார்க்கப் போகும்போது அன்பின் மிகுதியால் இளநீரும் வாழைப்பழமும் கொடுத்து வற்புறுத்தாதிருப்பதும் உதவியே. அவற்றிலுள்ள பொட்டாசியம் இவர்களின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

உறுப்பு தானத்தைத் திருஅவை தடுப்பதாக எண்ணுவோர் இன்றும் உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இலும் 2000இலும் அதை அன்பின் செயலாகப் பாராட்டினார். தமிழக அரசும் 2023 முதல் உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கிறது. இதைப் பற்றி வீட்டில் நலமாக இருக்கும்போதே பேசி முடிவெடுப்போம்.

இயந்திரத்தை அரசு தந்துவிட்டது. அதுவரை அவரை அழைத்துச் செல்லும் கை நம்முடையதாகட்டும்.